மேசைக்கு முந்திய வாரம்

தன் மனைவி ஜெப அறைக்குள் சிரிப்பதைத் தொமிங்குஸ் முதன்முதலில் கேட்டது, கிழக்குக் காற்று மழையைக் கொண்டுவந்த மே மாதத்தின் ஒரு விடியலில். அழுகையாக இருந்திருந்தால் திரும்பிப் படுத்திருப்பான். அம்போன் விரிகுடாவின் அந்தக் கரையில் எந்த வீட்டிலும் அந்த அறையிலிருந்து அழுகை கேட்பது வழக்கந்தான். கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையில், ஒருவர் மண்டியிட மட்டும் இடமுள்ள அறை. வெள்ளை விரிப்பிட்ட மேசை. மேசைமேல் வேதாகமமும் காணிக்கைத் தட்டும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்வந்தவரிடம் என்ன பேசினாய் என்று வீட்டார் கேட்பதில்லை. கேட்காமலிருப்பது அங்கே ஒரு மரியாதை. சிரிப்புக்கும் அந்த மரியாதை பொருந்துமா என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அது பக்திப் பரவசத்தின் சிரிப்பும் அல்ல. வாயைப் பொத்திக்கொண்டு, பொத்தியும் அடங்காமல், மூக்கு வழியே பீறிடுகிற சிரிப்பு. மணமான புதிதில், படகிலிருந்து இறங்கி வந்து அவன் மாலுமிகளின் கதைகளைச் சொல்லும்போது நெலா அப்படித்தான் சிரிப்பாள். அதைக் கேட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று அவன் கணக்கிட முயன்றான். கணக்கு வரவில்லை. அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் இல்லாமல் போய்விட்டது என்றே நம்பியிருந்தான். இடம் மாறியிருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது.

கதவு திறந்தது. நெலா வெளியே வந்தாள். முகம் கழுவியது போலிருந்தது. கழுவவில்லை என்பது அவனுக்குத் தெரியும். நேற்றிரவு முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்தவள், சூரைமீன் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சாலையோரத்தில் இருந்த தன் கடையை நோக்கி நடந்தாள். மீனை இரண்டாகப் பிளந்து, மூங்கில் பிளாச்சுகளில் செருகி, தேங்காய் மட்டை நெருப்பின்முன் நிறுத்திச் சுட்டு விற்பது அவள் தொழில். நாள் முழுவதும் புகையில் நிற்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாக இந்த வீடு அந்தப் புகையில்தான் நிற்கிறது.

அதற்கு முன் அது அவன் தோளில் நின்றது. சூரைப் படகின் முகப்பில் வரிசையாக அமர்ந்து தூண்டிற்கழியை வீசுபவர்களில் முதல் இடம் அவனுடையது. கை வேகத்தையும் கண் கூர்மையையும் பார்த்துத் தரப்படும் இடம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்று சரியில்லை, போக வேண்டாம் என்று நெலா சொன்னாள். போனான். திரும்பும்போது அலை படகைத் துறைமேடையோடு மோதியது. நடுவே அவன் இடுப்பு சிக்கியது. இப்போது கைத்தடியோடு கூடத்திலிருந்து வாசல்வரை நடப்பான். மழைக்காலத்தில் அதுவும் இல்லை.

படுக்கையில் கிடந்த முதல் மாதங்களில், அவள் உடைந்துபோவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அதற்காகத் தன்னை ஆயத்தப்படுத்தியும் வைத்திருந்தான்: அவள் அழுதுகொண்டு வருவாள், அவன் தலையைத் தடவி, பார்த்துக்கொள்ளலாம் என்பான். உடலால் உதவ முடியாதவன் அந்த ஒரு சொல்லாலாவது கணவனாக இருக்கலாம் அல்லவா. அவள் உடையவில்லை. ஒவ்வொரு விடியலிலும் அந்தக் கதவுக்குள் போனாள். அரைமணி கழித்து, ஒரு முழு நாளைத் தாங்கும் பலத்தோடு வெளியே வந்தாள். அவன் ஆயத்தப்படுத்திய சொல் வாயிலேயே புளித்துப்போனது.

சிரிப்பைக் கேட்ட பிறகு அவன் மற்றவற்றையும் கவனிக்கத் தொடங்கினான். மேசை விரிப்பைச் சனிக்கிழமைதோறும் துவைத்தாள். அவன் தலையணை உறை இரண்டு வாரமாக அப்படியே கிடந்தது. மேசைமேல் குவளையில் தினமும் புதுப் பூ. மழையில் நனைந்துகொண்டே வேலியோரம் போய்ப் பறித்து வருவாள். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டான்.

“உள்ள பூவெல்லாம் வைக்குற. அப்படியே ஒரு காப்பியும் வச்சிட வேண்டியதுதான?”

“அவர் கேக்கல. நீங்க கேட்டா உங்களுக்குப் போட்டுத் தர்றேன்.”

“என்ன சிரிப்பு காலைல?”

நெலா கூடையை இறக்கிவைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

“சும்மா” என்றாள். “காது நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு.”

அந்தச் “சும்மா”வை அவன் நாள் முழுவதும் மென்றான். பக்கத்து வீட்டு ஒபெத், நெலாவின் தூரத்து உறவுமுறைத் தம்பி, சுவரோரம் வலை தைத்துக்கொண்டிருந்தபோது, தொமிங்குஸ் தன் வருத்தத்தைச் சுற்றி வளைத்து அவனிடம் சொல்லிப் பார்த்தான்.

“மாமா, அக்கா வேற எவன்கூடயாச்சும் பேசினா சொல்லுங்க, நான் போய்க் கேக்குறேன்” என்றான் ஒபெத், ஊசியை வாயில் கவ்வியபடி. “இவரு கிட்டப் போய் என்னன்னு கேக்குறது? அடுத்த வீட்டுப் பொம்பளைய ஏன் சிரிக்க வைக்குறீங்கன்னா?”

“உனக்குக் கிண்டலா இருக்கு.”

“கிண்டல் இல்ல. நீங்களும் உள்ள போங்க. கதவு ஒரு ஆளுக்கு மட்டுந்தான் திறக்கும்னு யார் சொன்னா?”

தொமிங்குஸ் போகவில்லை. விபத்துக்குப் பின் அந்த அறைக்குள் அவன் காலடி வைத்ததே இல்லை. எதிரியின் வீட்டுக்குப் போய் மண்டியிடுவதா? எதிரி என்ற சொல் அவன் மனத்தில் தானாக வந்தது. வந்ததும் அச்சமாக இருந்தது. ஆனாலும் அதை அவன் திரும்ப அனுப்பவில்லை. பொறாமைக்கு எதிரே ஒரு முகம் வேண்டும். அவன் எதிரிக்கு முகம் இல்லை, வயது இல்லை, இடுப்பு முறியாது, மழைக்காலத்தில் மூட்டு வலிக்காது. எதைக் காட்டி அவரைவிட நான் மேல் என்று சொல்வது?

ஜூலை மாதத் திருவிருந்துக்கு எட்டு நாள் இருந்தது. ஆண்டுக்கு நான்கு முறை ஆலயத்தில் நீண்ட மேசைகள் போடப்படும்; ஊரார் கறுப்பு உடுத்தி, வரிசை வரிசையாக அமர்ந்து, அப்பமும் திராட்சரசமும் பெறுவார்கள். அதற்கு முந்திய வாரத்தில் மூப்பர் ஒருவர் வீடு வீடாக வருவார். அந்தத் தெருவுக்கு மூப்பர் ஒர்பா ரிசகோத்தா. அறுபது வயது, ஓய்வுபெற்ற தாதி, குடையை மடக்கும் வேகத்திலேயே ஆளை எடைபோட்டுவிடுவாள்.

“நெலா, இஞ்சி போட்ட காப்பி இருந்தாக் கொடு. இல்லன்னா போட்டு வர்ற வரைக்கும் உக்காந்திருப்பேன்” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் அமர்ந்து, நனைந்த நோட்டுப் புத்தகத்தை முழங்காலில் துடைத்தாள். “இருபது வீடு ஏறி இறங்கிட்டேன். எல்லா வீட்லயும் ஒரே பாட்டு: ‘ஒண்ணுமில்ல அக்கா, எல்லாம் சமாதானம்.’ அதுல பாதி வீட்ல தட்டு உடையற சத்தம் என் வீட்டுக்கே கேட்டிருக்கு.”

நெலா சிரித்தபடி கோப்பையை நீட்டினாள். அவள் பின்னால், அலமாரிக் கதவில், இஸ்திரி போட்ட கறுப்பு உடுப்பு தொங்கிக்கொண்டிருந்தது. தோளில் மடித்துப் போடும் மணி கோத்த துணி அதன்மேல் தனியாக.

ஒர்பா கேட்க வேண்டியதைக் கேட்டாள். ஜெபம் நடக்கிறதா? நடக்கிறது. நோயாளி யாரும் உண்டா? இதோ இருக்கிறாரே. பிறகு, பேனாவைத் திறக்காமலே, பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பவளின் குரலில் கேட்டாள்:

“வீட்டுக்குள்ள மனஸ்தாபம் எதுவும் உண்டா?”

“இல்ல அக்கா” என்று நெலா சொல்லத் தொடங்கினாள்.

“இருக்கு” என்றான் தொமிங்குஸ்.

சொல்ல வேண்டும் என்று அவன் திட்டமிட்டிருக்கவில்லை. அந்த உடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு அக்கறையோடு அவள் எதற்கு உடுத்திப் போகிறாள், யாருடைய மேசையில் உட்காரப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். வாய் முந்திக்கொண்டது. வந்த சொல்லின் வலிமை அடுத்த கணமே அவனுக்குப் புரிந்தது. மனஸ்தாபத்தோடு மேசையில் உட்காரக் கூடாது. அதை வேறு யார் மீறினாலும் நெலா மீற மாட்டாள். இரண்டு மாதமாகத் தன்னால் தொடவே முடியாதிருந்தவரின் கதவை இந்த ஒரு சொல்லால் சாத்திவிட முடியும்.

ஒர்பா பேனாவைத் திறந்தாள். “யாருக்கும் யாருக்கும்?”

“எனக்கும் இவளுக்கும்.”

“எதைப் பத்தி?”

“அது எங்களுக்குள்ள.”

“தம்பி, உன் மூட்டுக்கு ஊசி போட்ட கை இது. என்கிட்டயே ‘எங்களுக்குள்ள’யா?” என்றாள். அவன் தரையைப் பார்த்தான். ஒர்பா நெலாவிடம் திரும்பினாள். “உனக்குத் தெரியுமா என்னன்னு?”

“தெரியாது அக்கா.” நெலாவின் குரலில் கோபம் இல்லை, படி இருக்கும் என்று கால் வைத்து, இல்லாமல் போனவளின் திகைப்பு இருந்தது.

“எட்டு நாள் இருக்கு. பேசித் தீத்துக்கோங்க. மேசைக்கு வராதன்னு நான் யாரையும் சொல்ல மாட்டேன். அதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது.”

“தீராம நான் உக்கார மாட்டேன் அக்கா” என்றாள் நெலா.

அன்று மாலை கடையை மூடிவிட்டு வந்தவள், கை கழுவியதும் நேராக அவன் கட்டிலின் ஓரத்தில் வந்து அமர்ந்தாள். இரண்டு ஆண்டுகளில் அப்படி வந்து அமர்ந்தது அதுவே முதல் முறை.

“சொல்லுங்க. என்ன மனஸ்தாபம்?”

அவன் போர்வையின் ஓரத்தைச் சுருட்டினான்.

“அன்னிக்கு மீன் குழம்புல உப்பு ஜாஸ்தியாப் போச்சே, அதுவா?”

“ச்சே.”

“ஒபெத் கேட்டான்னு உங்க பழைய தூண்டிற்கழிய உங்ககிட்டக் கேக்காமக் கொடுத்தேன். அதுவா?”

“கொடுத்தியா?”

“சரி, அது இல்ல. உங்கம்மா கல்லறைக்கு டிசம்பர்ல சுண்ணாம்பு அடிக்கல. அதுவா? சோரோங்ல இருந்து மக பேசினப்போ, நீங்க தூங்குறீங்கன்னு சொல்லி வச்சிட்டேன். நீங்க முழிச்சுத்தான் இருந்தீங்க. அதுவா?”

ஒவ்வொன்றுக்கும் அவன் தலையை அசைத்தான். அவனுக்குத் தெரியாத எத்தனையோ சிறு குற்றங்களை அவள் தன்மேல் எழுதி வைத்திருப்பதைக் கேட்கக் கேட்க அவனுக்கு ஒரு விசித்திரமான இன்பம் உண்டாயிற்று. அவள் கண்கள் அவன் முகத்தை விட்டு அகலவில்லை. அவன் நெற்றி சுருங்கினால் அவள் நெற்றியும் சுருங்கியது. காரணத்தைச் சொல்லிவிட்டால் இது முடிந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியது.

ஆகவே சொல்லவில்லை.

மறுநாள் மாலையும் வந்தாள். அதற்கடுத்த நாள், அவனுக்குப் பிடித்த சவ்வரிசிக் கூழைப் பதமாகக் கிண்டி, மஞ்சள் மீன்சாற்றோடு கொண்டுவந்தாள். தான் சாப்பிடாமல் அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணை உறை மாறியது. விடியலில் அறைக்குள் போகிறவள் சீக்கிரமே வெளியே வந்தாள். சிரிப்புச் சத்தம் இல்லை. தொமிங்குஸ் நாட்களை எண்ணத் தொடங்கினான், பெண் பார்க்கப் போகிறவனைப் போல. மாலை நான்கு மணிக்கே முகம் மழித்து உட்கார்ந்தான். தான் செய்வது என்ன என்பது அவனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் பட்டினி கிடந்தவன், கிடைத்த சோறு யாருடையது என்று முதல் கவளத்தில் கேட்பதில்லை; அவன் ஏழு நாளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை நெலா உட்காரவில்லை. அலமாரியருகே நின்றபடி கேட்டாள்.

“நாளைக்கு மேசை.”

“தெரியும்.”

“கெஞ்சிக் கேக்குறேன் மிங்குஸ். நான் என்ன செஞ்சேன்னு சொல்லிருங்க. தப்புன்னா மன்னிப்புக் கேட்டுக்குறேன். தப்பில்லன்னாலும் கேட்டுக்குறேன்.”

சொல்லியிருக்கலாம். உன்மேல் குற்றமில்லை, நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று ஒரே வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லும் ஐம்பது வயது ஆணின் முகம் எப்படி இருக்கும் என்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல” என்றான்.

“அப்போ தீந்துருச்சா?”

இதைவிட எளிய வழியை யாரும் அவனுக்குத் திறந்துவிட முடியாது. தீர்ந்தது என்று சொன்னால் போதும்.

“தீரல.”

நெலா கறுப்பு உடுப்பை எடுத்து, மடித்து, அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பழுப்பு நிற உடையில் ஆலயத்துக்கு வந்தாள். கறுப்பின் நடுவே அந்தப் பழுப்பு எல்லார் கண்ணிலும் பட்டது. கடைசி வரிசையில், ஒபெத் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்த அவன் பக்கத்தில் அமர்ந்தாள். முதல் மேசை அழைக்கப்பட்டது, இரண்டாவது, மூன்றாவது. அவர்கள் தெருவின் மேசை நான்காவது. அண்டை வீட்டார் எழுந்து, முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்ட அவளைத் தாண்டிப் போனார்கள். தட்டை ஏந்தி நின்ற ஒர்பா ஒருமுறை நிமிர்ந்து அந்தக் கடைசி வரிசையைப் பார்த்துவிட்டு, தட்டை அடுத்தவரிடம் நகர்த்தினாள்.

இந்தக் கணத்துக்காகத்தான் எட்டு நாள் காத்திருந்தான். அவருடைய மேசையில் ஓர் இருக்கை காலி. அவள் என் பக்கத்தில். வெற்றி எப்படி இருக்கிறது என்று பார்க்கத் திரும்பினான். நெலா மேசையைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்குகளில் ஏறிய புகைக் கறுப்பை முந்தின நாள் எலுமிச்சை போட்டுத் தேய்த்திருந்தாள், தோல் சிவந்திருந்தது. அப்பம் வாங்குவதற்காகத் தேய்த்த கைகள்.

திங்கட்கிழமை விடியலில் அறைக் கதவு திறக்கும் ஓசைக்காக அவன் காத்திருந்தான். அவள் எழுந்தாள், கூடையை எடுத்தாள், அறையைத் தாண்டிச் சென்றாள்.

“உள்ள போகலையா?” என்று கேட்டுவிட்டான்.

“அந்த மேசைக்கு வர முடியாதவ இந்த மேசைக்கு மட்டும் எந்த முகத்தோட போறது?”

இதை அவன் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஒரு ஞாயிறை மட்டுந்தான் பறிக்க நினைத்தான். அடுத்த திருவிருந்து அக்டோபரில். அதுவரை அந்தக் கதவு மூடியே கிடக்குமா?

மழை சற்றுத் தணிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை, கைத்தடியை ஊன்றி, முதன்முறையாக அவள் கடைவரை நடந்து போனான். பக்கத்தில் இருந்தால் தேறுவாள் என்று நினைத்தான். அவள் ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். மாலை மாலையாக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் அன்று அவன் பக்கம் திரும்பவே இல்லை. மீன்கள் ஒரு பக்கம் கருகின. வாடிக்கைக்காரி ஒருத்தி, வழக்கமான உரிமையோடு, மீனை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“என்ன நெலா அக்கா, மீனைச் சுட்டியா, கொளுத்தினியா?”

எப்போதும் இதற்குப் பதிலாக நெலாவிடமிருந்து ஒரு கிண்டல் வரும். அன்று மூங்கிலோடு அந்த மீனைப் பிடுங்கி, சாலைக்கு அப்பால் கடலில் எறிந்தாள்.

“வேண்டாம்னா போங்க. தினமும் வந்து அமுக்கிப் பாக்குறதுக்கு இது என்ன உங்க வீட்டு மெத்தையா?”

வாடிக்கைக்காரி விரலைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள். தொமிங்குஸ், “விடு நெலா, அவ எப்பவும் அப்படித்தான்…” என்று தொடங்கினான். அவள் திரும்பினாள்.

“நீங்க பேசாதீங்க! போக வேண்டாம்னு சொன்னேன். காத்து சரியில்லன்னு சொன்னேன். முதல் இடம் போயிரும்னு போனீங்க. இப்ப முதல் இடம் எங்க இருக்கு? கட்டில்ல இருக்கு! ரெண்டு வருஷமா இந்தப் புகைய நான் திங்கிறேன், நீங்க ஜன்னல் வழியா வேடிக்கை பாக்குறீங்க. இடுப்புதான உடைஞ்சுச்சு, கை என்ன ஆச்சு? ஒரு பிளாச்சு சீவிக் கொடுத்திருக்கீங்களா? மக போன் பண்ணா முதுகைக் காட்டிப் படுத்துக்குறீங்க. நான் பொய் சொல்லணும். எனக்கு முதுகு இல்லையா? எனக்கு வலிக்காதா?”

சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்துப் போனது. ஒபெத் தன் வீட்டு வாசலில் நின்று, பிறகு நாகரிகமாக உள்ளே போய்விட்டான். தொமிங்குஸின் கை நடுங்கியது. கைத்தடி முக்காலியில் மோதி டக்டக்கென்று ஒலித்தது. அவள் சொன்ன எதையும் அவன் அறியாதவனல்ல. ஆனாலும் அவள் வாயால் கேட்பது துறைமேடைக்கும் படகுக்கும் நடுவே மறுபடி சிக்கியது போலிருந்தது. எழுந்து ஓட வேண்டும் என்றிருந்தது. ஓட முடியாதவன் ஆகையால் இருந்தான்.

அவன் கை நடுங்குவதை நெலா கண்டாள். குரல் இறங்கியது.

“இதைத்தான் தினமும் உள்ள போய்ச் சொல்லிட்டு வந்தேன்” என்றாள். “இதே வார்த்தை. இதைவிட மோசமாவும் சொல்லுவேன். உங்களக் கழுதைம்பேன், கடல்ல போட்ட கல்லும்பேன். சொல்லச் சொல்ல என் வாய நினைச்சு எனக்கே சிரிப்பு வந்துரும். அவர் முன்னாடி மண்டி போட்டுக்கிட்டு இவ்வளவு அசிங்கமாப் பேசுறேனேன்னு. சிரிச்சிட்டா அன்னிக்குப் பொழுது ஓடிரும். வெளிய வந்து உங்க முகத்தப் பாக்க முடியும்.”

“என்கிட்டயே சொல்லியிருக்கலாமே நெலா.”

“சொன்னேனே இப்ப. பாருங்க உங்க கைய. நீங்க தாங்க மாட்டீங்க மிங்குஸ். அவர் தாங்குவார்.”

அவள் குற்றம் சாட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் அது ஆழமாக இறங்கியது. தன் எதிரியிடம் என்ன இருக்கிறது, தன்னிடம் என்ன இல்லை என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் அவனுக்குக் காட்டியதில்லை. வயதும் அல்ல, உடலும் அல்ல.

“எனக்கு மனஸ்தாபம் உன்மேல இல்ல” என்றான், நெருப்பைப் பார்த்துக்கொண்டு. “அவர்மேல. நீ உள்ள சிரிக்குறத என்னால தாங்க முடியல. அதான் ஒர்பா அக்காகிட்ட அப்படிச் சொன்னேன். அதான் அந்த வாரம் முழுக்கச் சொல்லாம இருந்தேன். நீ பக்கத்துல வந்து உக்காந்தது நல்லா இருந்துச்சு.”

நெலா சிரிக்கவில்லை. கையிலிருந்த மூங்கிலைக் கீழே வைத்தாள்.

“அதுக்காகவா என்னை மேசையில இருந்து எழுப்புனீங்க?”

“ஆமா.”

அவள் நெருப்பின் பக்கம் திரும்பினாள். பிறகு கருகிய மீன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்கத் தொடங்கினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை, கேட்கும் உரிமை இன்னும் தனக்கு வரவில்லை என்று நினைத்தான்.

அன்று மாலையே ஒர்பாவின் வீட்டுக்குப் போனான். நான்கு வீடு தள்ளித்தான். இருமுறை நின்று மூச்சு வாங்கினான். நடந்ததை நின்றபடியே சொன்னான். ஒர்பா முதலில் அவனை உட்காரச் சொன்னாள். கேட்ட பிறகு, எழுந்திருக்கச் சொல்லலாமா என்று யோசிப்பவள் போலப் பார்த்தாள்.

“முப்பது வருஷமா இந்தக் கேள்வியக் கேக்குறேன். எல்லாரும் இருக்கிறத இல்லன்னு மறைப்பாங்க. இல்லாதத இருக்குன்னு சொல்லிப் பொண்டாட்டிய மறிச்ச ஒரே ஆம்பள நீதான்டா.”

“திருவிருந்த இப்பவே அவளுக்கு மட்டும் கொடுக்க வழி இருக்கா அக்கா? போதகர்கிட்டக் கேட்டா, வீட்டுக்கு வந்து…”

“அது படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு. அவ படுக்கல. அக்டோபர்தான். நீ எடுத்தத உன்னால திருப்பித் தர முடியாது தம்பி.”

“அறைக்கும் போக மாட்டேங்குறா.”

“அதுக்குப் போதகர் வேண்டாம். மனஸ்தாபம் இருக்குன்னு சொன்ன வாய் இல்லன்னு சொன்னாப் போதும். என் முன்னாடி சொன்னேல்ல? என் முன்னாடியே சொல்லு.”

ஒர்பா குடையை எடுத்துக்கொண்டு அவனுடன் நடந்தாள். அவன் வேகத்துக்கே நடந்தாள். நெலா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவன் சொன்னான், சொற்கள் தடுமாறின. தன் பொறாமையை மனஸ்தாபம் என்று சொன்னதாகவும், அதில் அவளுக்குப் பங்கில்லை என்றும் சொல்லி முடித்தான். ஒர்பா நோட்டைத் திறந்து, பழைய குறிப்பின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

“இவருக்குத் தீந்துருச்சு” என்றாள் நெலா. “எனக்கு இப்பத்தான் தொடங்கியிருக்கு அக்கா.”

“அதை எங்க கொண்டுபோகணும்னு உனக்கு நான் சொல்லணுமா?” என்று கேட்டுவிட்டு ஒர்பா போய்விட்டாள்.

புதன்கிழமை, நெலா எழுவதற்கு முன்பே தொமிங்குஸ் எழுந்தான். அவள் கண் விழித்தபோது கூடை வாசலில் இல்லை. ஒபெத்தைக் கூப்பிட்டு அதைக் கடைக்குத் தூக்கிப் போகச் செய்திருந்தான்.

“நீ உள்ள போ” என்றான், அறையைக் காட்டாமல், எங்கோ பார்த்து. “நெருப்பு நான் போடுறேன்.”

“உங்களால முடியாது.”

“முடியலன்னா அதையும் சேத்துச் சொல்லு.”

அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு கதவு திறக்கும் ஓசையும் சாத்தும் ஓசையும் கேட்டன. அவன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான்.

கடையிலிருந்து அந்த அறையின் சத்தம் எதுவும் கேட்காது; கடலும் சாலையும் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. தேங்காய் மட்டைகளை அடுக்கினான். ஈரம் ஏறியிருந்தது, மூன்று முறை அணைந்தது. குனிந்து ஊதும்போது இடுப்பில் கத்தி பாய்ந்தது. உள்ளே அவள் என்ன சொல்கிறாளோ, கழுதை என்கிறாளோ, இந்த முறை வேறு புதுப் பெயரோ. சிரிக்கிறாளோ. பொறாமை எங்கும் போய்விடவில்லை. எழுந்து போய்ச் சன்னலோரம் நிற்கலாமா என்று ஒருமுறை எண்ணினான். மட்டையில் தீ பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டுப் போனால் அணைந்துவிடும். நகரவில்லை. “உமக்கு ஒரு நாளும் சலிக்காதா?” என்று நெருப்பைப் பார்த்துக் கேட்டான். இரண்டு ஆண்டுகளில் அவரிடம் அவன் நேராகப் பேசியது அதுதான்.

நெலா வந்தாள். வழக்கத்தைவிட நேரமாகியிருந்தது. கண் சிவந்திருந்தது, நடை தளரவில்லை. அவன் எதுவும் கேட்கவில்லை. அவள் குனிந்து நெருப்பைப் பார்த்தாள், அடுக்கியிருந்த மட்டைகளைப் பார்த்தாள், வரிசையாக அவன் நிறுத்தியிருந்த மீன்களைப் பார்த்தாள்.

“இப்படியா நிறுத்துவாங்க? தோல் பக்கம் நெருப்பப் பாத்துக்கிட்டு நிக்குது. சதை எப்போ வேகும், அக்டோபர்லயா?”

அந்தச் சொல் அவனைக் குத்தியது. அவள் வேண்டுமென்றே அதைத் தேர்ந்தாள் என்பதும் தெரிந்தது. அத்தனையையும் அங்கேயே கொட்டிவிட்டு வரவில்லை. ஒன்றை இங்கே கொண்டுவந்திருக்கிறாள். அவன் தாங்குகிறானா என்று பார்த்துக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“திருப்புறேன்” என்றான் தொமிங்குஸ். முதல் மூங்கிலைப் பிடுங்கினான். சூடு விரலைச் சுட்டது. விடாமல் பிடித்துத் திருப்பி ஊன்றினான், அடுத்ததை எடுத்தான்.